ஏறும் சார்புகளும் இறங்கும் சார்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தமிழ் மாணவர்களும், மாலை வேளையில் அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பெற்றோரும் நுண்கணிதத்தின் இந்தப் பகுதியில் எழுப்பும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. என்சிஇஆர்டி புத்தகத்தில் வகைக்கெழுவின் பயன்பாடுகளைச் சொல்லும் ஆறாம் அத்தியாயத்தில் இந்தப் பகுதி வருகிறது. கீழே மாறியை ‘ய’ என்றும், பள்ளியில் ஃபங்ஷன் என்று சொல்லப்படும் சார்பை ‘ச(ய)’ என்றும், பள்ளியில் டெரிவேட்டிவ் என்று சொல்லப்படும் வகைக்கெழுவை ‘ச′(ய)’ என்றும் குறித்திருக்கிறேன்.

ஒரு சார்பு ஏறுகிறது என்றால் துல்லியமாக என்ன பொருள்?

ஓர் இடைவெளியில் அ, ஆ என்று எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும், அ < ஆ ஆக இருக்கும்போதெல்லாம் ச(அ) ≤ ச(ஆ) ஆக இருந்தால், அந்த இடைவெளியில் அது ஏறும் சார்பு. சமக்குறிக்கும் இடமில்லாமல் எப்போதும் ச(அ) < ச(ஆ) ஆகவே இருந்தால் அது திட்டமாக ஏறும் சார்பு. குறியைத் திருப்பிவிட்டால் இறங்கும் சார்புக்கான வரையறை கிடைத்துவிடும். சில புத்தகங்கள் ‘ஏறும்’ என்ற சொல்லாலேயே திட்டமாக ஏறுவதைக் குறிக்கின்றன. ஆகவே கையில் இருக்கும் புத்தகம் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரையறையில் வகைக்கெழு என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். இது இரண்டு புள்ளிகளின் மதிப்புகளை ஒப்பிடும் வரையறை. ஓர் இடைவெளி முழுவதையும் பற்றிய கூற்று. வகைக்கெழுவின் குறி இந்தக் கூற்றைச் சோதித்துப் பார்க்க நமக்குக் கிடைத்திருக்கும் ஒரு கருவி மட்டுமே. கருவியையே வரையறையாக மனத்தில் பதியவைத்துக்கொள்வதிலிருந்துதான், என் கணிப்பில், இந்தப் பாடத்தின் பெரும்பாலான குழப்பங்களும் தொடங்குகின்றன. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

ஏறும் சார்புக்கும் திட்டமாக ஏறும் சார்புக்கும் உள்ள வேறுபாட்டை அன்றாட வாழ்விலிருந்து காட்ட முடியுமா?

தில்லி மெட்ரோவின் கட்டணத்தைப் பயணத் தூரத்தின் சார்பாகப் பாருங்கள். 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, வார நாட்களில் 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, 32 வரை 50, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 60 ரூபாய். 2025-ல் தொகைகள் உயர்த்தப்பட்டாலும் படிகளின் அமைப்பு அப்படியே இருக்கிறது. கூடுதல் தூரம் போகிறவர் குறைந்த கட்டணம் தருவது இந்தப் பட்டியலில் நடக்கவே நடக்காது. ஆகவே இது ஏறும் சார்பு. ஆனால் 6 கிலோமீட்டர் போகிறவரும் 11 கிலோமீட்டர் போகிறவரும் ஒரே கட்டணம் செலுத்துவதால், இது திட்டமாக ஏறும் சார்பு அன்று.

இதே எடுத்துக்காட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இந்தச் சார்புக்கு வகைக்கெழு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அதன் மதிப்பு பூஜ்ஜியம்தான். ஏனெனில் ஒவ்வொரு படியும் சமதளம். அப்படியிருந்தும் கட்டணம் 10-லிருந்து 60 வரை உயர்கிறது. உயர்வு முழுவதும் 2, 5, 12, 21, 32 ஆகிய இடங்களில் ஏற்படும் தாவல்களில் நிகழ்கிறது. அந்தப் புள்ளிகளில் சார்பு தொடர்ச்சியற்றது, அங்கே வகைக்கெழுவும் கிடையாது. வகைக்கெழுச் சோதனையைப் பயன்படுத்துவதற்கு முன் ‘இடைவெளியில் தொடர்ச்சியானது, உள்ளே எங்கும் வகையிடத்தக்கது’ என்ற நிபந்தனையைப் புத்தகம் ஏன் வற்புறுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வகைக்கெழு நேர்க்குறியாக இருந்தால் சார்பு ஏறும் என்பதற்கு நிரூபணம் என்ன? சாய்வு மேல்நோக்கி இருப்பதால் என்று சொன்னால் போதாதா?

போதாது. சாய்வு என்பது ஒரு புள்ளியில் உள்ள நிலவரம். ஏறுவது என்பது தொலைவில் உள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் கூற்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு பாலம் வேண்டும். சராசரி மதிப்புத் தேற்றம்தான் அந்தப் பாலம். இத்தாலியின் டூரின் நகரில் 1736-ல் பிறந்த கணித அறிஞர் லாக்ராஞ்சின் பெயரால் அது வழங்குகிறது. நேர்க்குறி வகைக்கெழு உள்ள சார்பு ஏறியாக வேண்டும் என்ற கருத்தை, 1797-ல் வெளியிட்ட தம் நூலில் அவர் ஓர் அடிப்படையான துணைத்தேற்றமாகவே வைத்து வாதிட்டார். 1823-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி தம் விரிவுரை நூலில் அதை எல்லை என்னும் கருத்தின்மேல் நிறுத்தி மேலும் உறுதிப்படுத்த முனைந்தார்.

நிரூபணம் மிகச் சிறியது. இடைவெளியில் அ < ஆ என்று இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு இடையில் ப என்று ஒரு புள்ளி உண்டு, அங்கே

ச(ஆ) − ச(அ) = ச′(ப) × (ஆ − அ)

என்று தேற்றம் உறுதி தருகிறது. வலப்பக்கத்தில் (ஆ − அ) நேர்க்குறி. ப எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் இடைவெளி முழுவதும் வகைக்கெழு நேர்க்குறி என்பதால், ப எங்கே இருந்தாலும் ச′(ப) நேர்க்குறிதான். எனவே ச(ஆ) > ச(அ). வகைக்கெழு எங்கும் எதிர்க்குறியானால் இதே வரிகள் திட்டமாக இறங்குவதையும், எங்கும் பூஜ்ஜியமானால் சார்பு மாறிலி என்பதையும் தந்துவிடும்.

‘இடைவெளி முழுவதும்’ என்ற சொற்கள் எங்கே வேலை செய்கின்றன என்பதை உங்கள் பிள்ளையிடம் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். ப-வின் இருப்பிடம் தெரியாததால்தான் எல்லாப் புள்ளிகளிலும் குறி தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

இடைவெளிகளைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்றை முழுமையாகச் செய்து காட்டுங்கள்.

ச(ய) = ய³ − 6ய² − 15ய + 4 என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். வகையிட்டால்

ச′(ய) = 3ய² − 12ய − 15 = 3(ய − 5)(ய + 1).

இது −1, 5 ஆகிய இரண்டு இடங்களில் பூஜ்ஜியமாகிறது. அவை எண்கோட்டை மூன்று துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஓர் எண்ணை எடுத்துப் பதிலிடுவோம். ய = −2 என்றால் 3 × (−7) × (−1) = 21, நேர்க்குறி. ய = 0 என்றால் −15, எதிர்க்குறி. ய = 6 என்றால் 3 × 1 × 7 = 21, மீண்டும் நேர்க்குறி. ஆகவே −1 வரை சார்பு ஏறுகிறது, −1 முதல் 5 வரை இறங்குகிறது, 5-க்குப் பின் மறுபடி ஏறுகிறது. ச(−1) = 12 என்பது இடம்சார்ந்த பெருமம்; ச(5) = −96 என்பது இடம்சார்ந்த சிறுமம்.

ஒரு துண்டில் ஒரே ஒரு எண்ணைச் சோதித்துவிட்டு முழுத் துண்டுக்கும் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று கேட்கும் மாணவரை நான் மனதாரப் பாராட்டுவேன், ஏனெனில் கேட்க வேண்டிய கேள்வி அது. வகைக்கெழு தொடர்ச்சியானதாக இருந்தால், அது நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்குப் போகும் வழியில் பூஜ்ஜியத்தைக் கடந்தே தீர வேண்டும். துண்டுக்குள் பூஜ்ஜியமே இல்லாதபோது குறி மாற வழியில்லை. வகைக்கெழு தொடர்ச்சியற்றதாக இருந்தாலும்கூட, அது இடைப்பட்ட மதிப்புகளைத் தாண்டிக் குதிக்காது என்பதை 1875-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டார்பூ நிறுவிவிட்டார். எனவே ஒரு சோதனை எண் போதும் என்பதற்குப் பின்னால் ஒரு தேற்றமே காவல் நிற்கிறது.

வகைக்கெழு இல்லாத புள்ளிகளையும் பிரிப்பான்களாகச் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம். ய-வின் மட்டு மதிப்பை எடுத்தால், ய = 0-ல் வகைக்கெழு கிடையாது; ஆனால் இறக்கம் ஏற்றமாக மாறும் இடம் அதுதான்.

விடையைத் திறந்த இடைவெளியாக எழுதுவதா, மூடிய இடைவெளியாக எழுதுவதா?

மேலே கண்ட சார்பில் (−1, 5), [−1, 5] இரண்டிலும் இறங்குகிறது என்பது உண்மையே. தொடர்ச்சியான சார்புக்கு முனைப்புள்ளிகளைச் சேர்ப்பதால் வரையறை கெடுவதில்லை. மூடிய இடைவெளி சற்று அதிகம் சொல்கிறது, அவ்வளவுதான். −1 என்ற புள்ளி ஏறும் இடைவெளியிலும் இறங்கும் இடைவெளியிலும் இடம்பெறுகிறதே என்று பதற வேண்டாம். ஏறுவதும் இறங்குவதும் இடைவெளியின் குணங்கள். ஒரு தனிப்புள்ளியின் குணங்கள் அல்ல.

ஏறும் துண்டுகள் இரண்டையும் சேர்ப்புக் குறி போட்டு ஒரே கணமாக எழுதினால் தவறா?

தவறு. இதே சார்பில் ச(−2) = 2, ச(6) = −86. −2-ம் 6-ம் ஏறும் துண்டுகளில்தான் இருக்கின்றன. −2 < 6. ஆனால் மதிப்பு 2-லிருந்து −86-க்கு விழுந்திருக்கிறது. சேர்ப்புக் கணத்தின்மேல் சார்பு ஏறுகிறது என்று எழுதினால், அந்தக் கூற்று வரையறையோடு நேராக மோதுகிறது. ‘(−∞, −1]-லும் [5, ∞)-லும் ஏறுகிறது’ என்று தனித்தனியாக எழுதுவதே முறை.

இதன் கூர்மையான வடிவம் 1/ய என்ற சார்பு. அதன் வகைக்கெழு −1/ய². சார்பகத்தில், அதாவது சார்பு வரையறுக்கப்பட்டிருக்கும் எண்களின் கணத்தில், எங்கு பார்த்தாலும் எதிர்க்குறி. அதனால் சார்பகம் முழுவதும் இறங்குகிறது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ய = −1-ல் மதிப்பு −1, ய = 1-ல் மதிப்பு 1; ஏறியிருக்கிறது. காரணம், சார்பகம் பூஜ்ஜியத்தில் உடைந்திருக்கிறது. −1-க்கும் 1-க்கும் நடுவில் சராசரி மதிப்புத் தேற்றத்தைப் பயன்படுத்த இடமே இல்லை. எதிர்க்குறி எண்களின்மேல் இறங்குகிறது, நேர்க்குறி எண்களின்மேல் இறங்குகிறது. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல முடியாது.

வகைக்கெழு பூஜ்ஜியமானால் சார்பு அங்கே திரும்பத்தானே வேண்டும் என்கிறான் என் மகன். சரியா?

திரும்ப வேண்டியதில்லை. ச(ய) = ய⁴ − 4ய³ என்பதை வகையிட்டால் 4ய²(ய − 3) கிடைக்கிறது. பூஜ்ஜியமாகும் இடங்கள் 0, 3. பூஜ்ஜியத்தின் இடப்புறமும் வலப்புறமும் ய² நேர்க்குறி, (ய − 3) எதிர்க்குறி. ஆகவே வகைக்கெழு எதிர்க்குறியாகவே இருந்து, 0-ல் மட்டும் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு, மறுபடி எதிர்க்குறியாகிறது. சார்பு 3 வரையிலும் திட்டமாக இறங்கிக்கொண்டே போய், அங்கே −27 என்ற சிறுமத்தை அடைந்த பிறகே ஏறத் தொடங்குகிறது. திருப்பத்தைத் தீர்மானிப்பது குறி மாற்றம். பூஜ்ஜியம் அதற்கான வாய்ப்பை மட்டும் காட்டுகிறது.

இதையொட்டி ஒரு முழுமையான விதியைச் சொல்லிவிடலாம். ஓர் இடைவெளியில் வகையிடத்தக்க சார்பு திட்டமாக ஏறுவதற்கு இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து தேவையும் போதுமானவையும் ஆகும்: வகைக்கெழு எங்கும் எதிர்க்குறியாக இருக்கக் கூடாது, எந்தவொரு சிறு துண்டு முழுவதிலும் அது பூஜ்ஜியமாகவே இருக்கக் கூடாது. ய + சைன் ய என்ற சார்பு இதற்கு அழகான எடுத்துக்காட்டு. அதன் வகைக்கெழு 1 + காஸ் ய. பை (π) என்ற எண்ணின் ஒவ்வொரு ஒற்றைப்படை மடங்கிலும் பூஜ்ஜியமாகிறது, அதாவது எண்ணற்ற இடங்களில். ஆனால் அந்த இடங்கள் தனித்தனியாக நிற்பதால், சார்பு எண்கோடு முழுவதும் திட்டமாக ஏறுகிறது.

ஒரு புள்ளியில் வகைக்கெழு நேர்க்குறி என்றால், அந்தப் புள்ளியின் அருகிலாவது சார்பு ஏறும் அல்லவா?

இதைத்தான் பலரும் உறுதியாக நம்புகிறார்கள். இருந்தும் இது பொய். பூஜ்ஜியத்தில் மதிப்பு 0 என்றும், மற்ற இடங்களில்

ச(ய) = ய + 2ய² சைன்(1/ய)

என்றும் ஒரு சார்பை அமைப்போம். பூஜ்ஜியத்தில் வகைக்கெழுவை வரையறையிலிருந்தே கணக்கிட்டால் 1 வருகிறது, ஏனெனில் ச(ய)/ய = 1 + 2ய சைன்(1/ய); இரண்டாம் உறுப்பு பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருங்கிவிடும். மற்ற இடங்களில்

ச′(ய) = 1 + 4ய சைன்(1/ய) − 2 காஸ்(1/ய).

இப்போது 1/ய என்பது பையின் இரட்டைப்படை மடங்காக இருக்கும் இடங்களைப் பாருங்கள். சைன் பூஜ்ஜியம், காஸ் 1; ஆகவே வகைக்கெழு 1 − 2 = −1. ஒற்றைப்படை மடங்காக இருக்கும் இடங்களில் காஸ் −1; வகைக்கெழு 1 + 2 = 3. இந்த இரண்டு வகை இடங்களும் பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு அருகில் போனாலும் முடிவில்லாமல் மாறி மாறி வருகின்றன. பூஜ்ஜியத்தைச் சுற்றி எவ்வளவு சிறிய இடைவெளியை வெட்டி எடுத்தாலும், அதற்குள் சார்பு ஏறியும் இறங்கியும் ஊசலாடுகிறது.

ஒரு புள்ளியில் நேர்க்குறி வகைக்கெழு தரும் உறுதி இவ்வளவுதான்: அந்தப் புள்ளிக்கு அருகே வலப்புறத்தில் உள்ள மதிப்புகள் ச(0)-ஐவிடப் பெரியவை, இடப்புறத்தில் உள்ளவை சிறியவை. அந்த அண்டைப் புள்ளிகள் தமக்குள் எப்படி வரிசைப்படுகின்றன என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வகைக்கெழு அந்தப் புள்ளியில் தொடர்ச்சியானதாகவும் இருந்தால் நாம் விரும்பும் முடிவு உறுதியாகக் கிடைக்கும். பள்ளிக் கணக்குகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பதால் இந்தப் பள்ளம் கண்ணில் படாமலே போகிறது.

ஏற்றம் குறைகிறது என்பதும் சார்பு இறங்குகிறது என்பதும் ஒன்றா?

இரண்டும் வேறு, தில்லிவாசிகளுக்கு இதை விளக்க 2023 ஜூலை மாத யமுனை வெள்ளமே போதும். பழைய ரயில்வே பாலத்தில் அளக்கப்படும் நீர்மட்டத்துக்கு அபாயக்குறி 205.33 மீட்டர். அந்த ஆண்டு ஜூலை 12 அன்று ஆறு 1978-ன் உச்சமான 207.49 மீட்டரைத் தாண்டி, மறுநாள் 208.66 மீட்டரைத் தொட்டது. அத்தகைய நாட்களில் ‘ஏற்றம் மட்டுப்பட்டிருக்கிறது’ என்று ஒரு செய்தி வந்தால், அதைக் கேட்டுத் தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்வது ஆபத்தானது.

கணக்குக்காக ஓர் ஆற்றின் மட்டம் அடுத்தடுத்த மணி நேரங்களில் 12, 9, 5, 2 சென்டிமீட்டர் உயர்வதாக வைத்துக்கொள்வோம். உயர்வின் வேகம் ஒவ்வொரு மணிக்கும் குறைகிறது. ஆனால் மட்டம் நான்கு மணி நேரமும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, மொத்தம் 28 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. இங்கே மட்டம் ஏறும் சார்பு. அதன் வகைக்கெழு இறங்கும் சார்பு, அதாவது இரண்டாம் வகைக்கெழு எதிர்க்குறி. வேகம் பூஜ்ஜியமாகி எதிர்க்குறிக்கு மாறும் கணத்தில்தான் மட்டம் உச்சத்தை அடைந்து இறங்கத் தொடங்கும். கரையில் இருப்பவருக்கு எந்தச் சார்பைப் பற்றிய செய்தி இது என்பதே முக்கியம்: மட்டமா, மட்டம் மாறும் வேகமா?

திட்டமாக ஏறும் சார்புக்கு நேர்மாறு எப்போதும் உண்டா?

உண்டு. நேர்மாறு என்பது மதிப்பிலிருந்து புள்ளிக்குத் திரும்பும் சார்பு. வெவ்வேறு புள்ளிகளுக்கு வெவ்வேறு மதிப்புகள் கிடைப்பதால் அது ஒன்றுக்கு ஒன்றான சார்பு. நேர்மாறும் திட்டமாக ஏறும். சார்பு ஓர் இடைவெளியில் தொடர்ச்சியானதாக இருந்தால் மறுதலையும் மெய்: அங்கே ஒன்றுக்கு ஒன்றானது திட்டமாக ஏறியாக வேண்டும், அல்லது திட்டமாக இறங்கியாக வேண்டும்.

தேர்வு முடிந்த பிறகு இந்தப் பாடத்தால் வேறென்ன பயன்?

நேரடியாகக் கணக்கிட முடியாத இரண்டு எண்களை ஒப்பிட இது தரும் வழியை நான் இந்தப் பாடத்தின் தலைசிறந்த பயன்களில் ஒன்றாகக் கருதுகிறேன். 1000-இன் 1001-ஆம் அடுக்கு பெரியதா, 1001-இன் 1000-ஆம் அடுக்கு பெரியதா? இரண்டுமே மூவாயிரம் இலக்கங்களைத் தாண்டும் எண்கள். எழுதிப் பார்த்து ஒப்பிட முடியாது.

ச(ய) = (மடக்கை ய)/ய என்ற சார்பை நேர்க்குறி எண்களின்மேல் எடுத்துக்கொள்வோம்; மடக்கை என்பது இங்கே இயல் மடக்கை. வகையிட்டால்

ச′(ய) = (1 − மடக்கை ய)/ய².

இயல் மடக்கையின் அடிமானமான 2.718… வரை இது நேர்க்குறி. அதன் பிறகு எதிர்க்குறி. ஆகவே சார்பு அந்த எண் வரை திட்டமாக ஏறி, அதன்பின் திட்டமாக இறங்குகிறது. 1000-ம் 1001-ம் இறங்கும் பகுதியில் இருப்பதால் ச(1000) > ச(1001). இருபுறமும் 1000 × 1001 ஆல் பெருக்கினால், 1001 × மடக்கை 1000 > 1000 × மடக்கை 1001 என்று ஆகிறது. மடக்கையும் திட்டமாக ஏறும் சார்பு என்பதால், 1000-இன் 1001-ஆம் அடுக்கே பெரியது.

இதே சார்பு இன்னொரு பழைய புதிரையும் அவிழ்க்கிறது. 2-இன் நான்காம் அடுக்கும் 4-இன் இரண்டாம் அடுக்கும் 16 தான். இப்படி ஒன்றுக்கொன்று அடுக்காகி ஒரே எண்ணைத் தரும் வெவ்வேறு மிகை முழுஎண் ஜோடிகள் வேறு உண்டா? அப்படி ஒரு ஜோடி இருந்தால் இரண்டு எண்களிலும் ச(ய) ஒரே மதிப்பைப் பெற வேண்டும். ஏறும் பகுதிக்குள்ளேயோ இறங்கும் பகுதிக்குள்ளேயோ ஒரே மதிப்பு இரண்டு முறை வராது; எனவே ஒரு எண் 2.718-க்குக் கீழே இருந்தாக வேண்டும். அங்கே இருக்கும் மிகை முழுஎண்கள் 1-ம் 2-ம் மட்டுமே. 1-ல் சார்பின் மதிப்பு பூஜ்ஜியம். 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணிலும் அது நேர்க்குறி. ஆகவே 1 இணை சேராது. எஞ்சுவது 2, இறங்கும் பகுதியில் அதன் மதிப்பை எடுக்கும் எண் ஒன்றுதான் இருக்க முடியும், அது 4.